சிங்க்கில் வளர்ந்த எலுமிச்சை

குழாய் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் சொல்லப்போகும் மனிதர் அந்த ரகம் இல்லை. அவர் ஒரு பிளம்பர். பக்கத்து வீட்டில் சொட்டினால்கூடப் படுக்கையை விட்டு எழுந்து, ஸ்பானரும் கையுமாகப் போய்க் கதவைத் தட்டுவார். அதனாலேயே தெருவில் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கடைசியில் அவரே போனை எடுத்து, "சொட்டு பேசுறேன்" என்று சொல்லுமளவுக்குப் போய்விட்டது.

அவர் குடியிருந்தது மூன்றாவது மாடியில். அவரோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அவருடைய அக்கா. கணவன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள், வாய் கொஞ்சம் காரம். இன்னொருத்தி அவருடைய இரண்டாவது மனைவி. முதல் மனைவி ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அவள் பெற்ற பெண் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்தவளை அந்தப் பெண் 'சித்தி' என்று கூப்பிட்டாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம், கண்ணுகளா. இது சித்தியின் கதை.

சித்திக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஒரு பக்கம் மட்டும் அச்சாகி, மறுபக்கம் வெள்ளையாகக் குப்பைக்குப் போகும் தாளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரியும். முதலாளியிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில் பை ஒட்டுவாள், உறை மடிப்பாள். சொட்டுவுக்குத் தண்ணீர் வீணானால் ஆகாது. அக்காவுக்கு எது வீணானாலும் ஆகாது. இப்படி மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்ததை ஜாடிக்கேற்ற மூடி என்றுதான் சொல்ல வேண்டும். குளிக்கும்போது வெந்நீர் வருவதற்கு முன்னால் வரும் பச்சைத் தண்ணீர் வாளியில் சேரும். காய் கழுவிய தண்ணீர் சட்டியில் சேரும். காய்கறித் தோல் ஒரு மூலையில் பெட்டிக்குள் மக்கும். பழைய துண்டு கால்மிதியாகும், கால்மிதி கரித்துணியாகும். கரித்துணி கடைசியில் என்னவாகும் என்பதை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இப்படி மிச்சம் பிடித்ததெல்லாம் போய்ச் சேரும் இடம் பால்கனி. அங்கேதான் அந்த எலுமிச்சை மரம் இருந்தது.

ஒரு ஓட்டலை இடித்தபோது அதன் சமையலறையிலிருந்து சொட்டு கழற்றிவந்த பெரிய, ஆழமான ஸ்டீல் சிங்க் ஒன்று உண்டு. பாத்திரம் கழுவும் சிங்க். அதைச் செங்கல்மேல் நிறுத்தி, மண் போட்டு, ஒரு விதையைப் புதைத்தவள் முதல் மனைவி. அது முளைத்து, ஆள் நெஞ்சுயரம் வளர்ந்தது. காய்க்கிறதோ இல்லையோ, இலை மணக்கும். அந்தம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் பெண்ணை எழுப்பக் கத்த மாட்டாள், போர்வையை இழுக்க மாட்டாள். ஓர் இலையைப் பறித்து, விரலுக்கிடையில் கசக்கி, தூங்குகிற குழந்தையின் மூக்கருகே காட்டுவாள். மூக்கு முதலில் சுருங்கும். அப்புறம் கண் திறக்கும். கண் திறந்தால் எதிரே அம்மாவின் முகம். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இவ்வளவு போதும், ஆயுசுக்கும்.

அந்தப் பெண் வளர்ந்து, விடுதியில் தங்கிப் படித்து, இப்போது வேறு ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். ஆமாம், ஓட்டுகிறாள்தான். நீங்கள் புருவத்தை உயர்த்துவதுபோலத்தான் அவளுடைய அத்தையும், அதாவது சொட்டுவின் அக்காவும், முதலில் உயர்த்தினாள். வேலை ஓய்ந்த நேரத்தில் மகள் வீட்டுக்குப் போன் செய்வாள். எடுப்பவள் சித்தி.

"மரம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அப்பா?"

"நல்லா இருக்கார்."

"அத்தை?"

"பேசிக்கிட்டே இருக்காங்க."

"அப்போ நல்லாத்தான் இருக்காங்க. சரி, வைக்கிறேன்."

நீங்க எப்படி இருக்கீங்க என்று அவள் கேட்டதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. இருவருக்கும் சண்டையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் மாதிரி ஒதுங்கி, இடித்துக்கொள்ளாமல் இருந்தார்கள். ஆனால் சித்திக்கு அந்தப் போன் வேண்டும். 'மரம்' என்ற சொல்லுக்குப் பின்னால், வரிசையில் கடைசியாகத் தானும் நிற்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

அந்த மரத்துக்குத்தான் இலை மஞ்சளிக்க ஆரம்பித்தது.

முதலில் இரண்டு இலை. வயசான இலை போலிருக்கிறது என்று விட்டாள். பிறகு ஒரு கிளை முழுக்க. பிறகு துளிர்கூட மஞ்சளாகவே வந்தது. சித்தி காலையில் எழுந்ததும் பால்கனிக்குப் போவாள், பல் தேய்த்துவிட்டுப் போவாள், செருப்பு மாட்டிய பிறகும் திரும்பி வந்து ஒரு தடவை பார்ப்பாள். தோலை மக்கவைத்த எருவைப் போட்டாள், முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாள். காய் கழுவிய தண்ணீரை இன்னும் ஒரு கை கூடுதலாக ஊற்றினாள். போன் வந்தது.

"மரம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

சொல்லிவிட்டாள். வாய் பழகிப்போயிருந்தது. அடுத்த தடவையும் அதையே சொன்னாள், அதற்கடுத்த தடவையும் அதையே. பொய்க்கு ஒரு கெட்ட குணம், கண்ணுகளா. ஒன்றைச் சொல்லிவிட்டால், அதற்குச் சோறு போட இன்னொன்று தேவைப்படும்.

ஒருநாள் மகள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாகப் பேசினாள். தனியாக ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறாளாம். முன்னால் திறந்த இடம், நல்ல வெயில். "ஞாயித்துக்கிழமை வர்றேன். நண்பர்கிட்ட லோடு வண்டி கேட்டிருக்கேன். மரத்தை எடுத்துக்கிட்டு வந்துடறேன். இனிமே அதை நானே பார்த்துக்கறேன், சித்தி. நீங்க இத்தனை வருஷம் பார்த்தாச்சே."

"சரிம்மா" என்றாள் சித்தி. போனை வைத்தவளுக்கு அதன் பிறகு உட்கார முடியவில்லை.

மகள் மரத்தை நல்லபடியாக எடுத்துப் போனாலும் இனிமேல் போன் எதற்கு வரும்? போகட்டும், வளர்த்துக் கொடுத்தவள் என்ற பேராவது மிஞ்சும். பட்டுப்போன மரத்தைப் பார்த்தாளானால் அதுவும் மிஞ்சாது. பெற்றவள் வைத்ததை வந்தவள் அழித்தாள் என்று ஆகிவிடும். யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே ஆகிவிடும். அதுதான் அவளை அரித்தது.

அந்த வாரம் கடையில் அவளுக்குக் கை ஓடவில்லை. ஒரு பக்கம் கேட்டவருக்கு இரண்டு பக்கமும் போட்டாள். கலியாணப் பத்திரிகையை நகல் எடுக்க வந்தவருக்கு, அவருக்கு முன்னால் நின்றவரின் ரத்தப் பரிசோதனையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இருக்குன்னு எங்ககிட்ட யாருமே சொல்லலையே" என்றாராம். கடையே சிரித்தது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் விடுப்புச் சொல்லிவிட்டு, ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனாள். எதற்குப் போனாள் என்பதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

"எலுமிச்சை வேணும். பெரிசா, என் நெஞ்சுயரம்" என்றாள்.

பண்ணைக்காரி வேர்மண்ணைச் சாக்கால் கட்டி வைத்திருந்த மரங்களைக் காட்டினாள். சித்தி ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இது கொஞ்சம் குண்டு. அது ஒல்லி. இடதுபக்கம் ஒரு கிளை வளைஞ்சு, மறுபடி மேல போகணும். அடித்தண்டுல ஒரு முடிச்சு இருக்கணும்."

"ஏக்கா, நீங்க மரம் வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா?"

சித்தி ஒரு மரத்தின் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தாள். நல்ல மணம்தான். ஆனால் அந்த மணம் இல்லை. அவளுக்கே தெரிகிறதே, அந்தப் பெண்ணின் மூக்குக்குத் தெரியாமலா போகும்? கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அங்கே கிடந்த மண்மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

பண்ணைக்காரி கேட்டுமுடித்துவிட்டு, "மண்ணு நாறுதா?" என்றாள்.

"லேசா. சாக்கடை மாதிரி."

"அப்போ குடிச்சே அழியுது உங்க மரம். எவ்வளவு ஊத்துறீங்க?"

"அளவாத்தான் ஊத்துறேன்."

"நீங்க அளவாத்தான் ஊத்துவீங்க. வீட்டுல மத்தவங்க?"

சித்திக்குக் குளியலறை வாளி ஞாபகத்துக்கு வந்தது.

"ஊத்துற தண்ணி எந்த வழியா வெளியே போகுது?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதை அவள் இதுவரை குனிந்து பார்த்ததே இல்லை.

வேரை வெளியே எடுத்து, அழுகினதை வெட்டி, மேலேயும் கழித்து, காய்ந்த மண்ணில் வைக்கச் சொன்னாள் பண்ணைக்காரி. பிழைக்குமா என்று கேட்டதற்கு, "பிழைக்கவும் செய்யும், போகவும் செய்யும். மாசக்கணக்காகும் தெரிய" என்றாள். சித்தி ஒரு மூட்டை மண்ணை வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறாள்போலும். யாரோ ஒருவரின் உயிர் அவள் முதுகுக்குப் பின்னால் படுத்திருக்கும்போது இதை எப்படிச் சொல்வது என்று இவளே துண்டித்தாள். அடுத்த நிமிஷமே மறுபடி போட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தால் பால்கனியில் அத்தை. கையில் ஒரு சொம்பு.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

அத்தை சொம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள், ஜாடியில் கைவிட்ட குழந்தை மாதிரி. "ஒண்ணுமில்லையே. டீ கிளாஸ் அலசின தண்ணி. கொஞ்சூண்டு."

"தினமும் ஊத்துவீங்களா?"

"பின்னே? நீங்க ரெண்டு பேரும்தான் அதைத் திரும்பியே பார்க்கிறதில்லையே. வாயில்லா ஜீவன் வாடுதேன்னு நான்தான் முகம் கழுவின தண்ணி, டம்ளர் கழுவின தண்ணின்னு..."

"நான் காலையிலயும் சாயங்காலமும் ஊத்துறேனே அண்ணி!"

"எனக்கென்ன தெரியும்? சொன்னியா நீ?"

மத்தியானம் சொட்டு கருவிப் பையோடு படியேறி வந்தார். இரண்டு பெண்களும் இடுப்பில் கையோடு வாசலிலேயே நிற்பதைப் பார்த்து, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"நீங்க மரத்துக்குத் தண்ணி ஊத்துறீங்களா?"

"குளியலறை வாளித் தண்ணி. வேற எங்க ஊத்துறது?" என்றார் அவர். "ஏன், நீங்க யாரும் ஊத்தாதனாலதானே மஞ்சளாச்சு? நானும் இப்போ ரெண்டு வாளி ஆக்கிட்டேன்."

சித்தி பால்கனியில் மண்டியிட்டு, சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தாள். கழிவுத் துவாரத்தில் பளபளவென்று ஒரு பித்தளை மூடி, சுற்றிலும் பசை பூசி, இறுக்கமாக.

"இது என்னங்க?"

"மூடி."

"தெரியுது. எதுக்கு?"

"கீழ் வீட்டு வக்கீல் சட்டையில சேத்துத் தண்ணி சொட்டுச்சுன்னு வந்து கத்தினார். பிளம்பர் வீட்டுலேருந்தே சொட்டினா, நாளைக்கு எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்? போட்டுட்டேன். அன்னையோட ஒரு சொட்டு கிடையாது."

"மூடிட்டா தண்ணி எப்படிங்க வெளியே போகும்?"

"போகக் கூடாதுன்னுதானே மூடினதே!" என்றார் அவர். சொல்லி முடித்த பிறகுதான் அது அவருடைய காதிலேயே விழுந்தது. மரத்தைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். 

"நல்லவேளை, உன்னை டாக்டருக்குப் படிக்க வைக்கலை. மூக்கு ஒழுகுதுன்னு வர்றவனுக்கு மூக்கையே அடைச்சு அனுப்பியிருப்பே" என்றாள் அத்தை.

அவர் ஸ்பானரை எடுத்து மூடியைத் திருகினார். கறுத்த தண்ணீர் குபுகுபுவென்று வாளியில் கொட்டியது. நாற்றம் தாங்காமல் மூவரும் மூக்கைப் பொத்தினார்கள். வாளி நிரம்பியதும் அத்தை பழக்கதோஷத்தில், "அதைக் கீழே கொட்டிடாதடா, நடைபாதைச் செடிக்கு ஊத்தலாம்" என்றாள். சித்தி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பழைய போர்வையை விரித்து மூவருமாக மரத்தைச் சாய்த்து வெளியே எடுத்தார்கள். வேர் ஈர நூல்போல விரலோடு வழுக்கி வந்தது. நல்ல வேர் என்று சொல்லத் தண்டை ஒட்டி ஒரு கைப்பிடிதான் தேறும். சித்தி கத்தரிக்கோலை எடுத்துவந்தாள், விரலை நுழைத்தாள், மறுபடி கீழே வைத்தாள்.

"அவளைக் கேக்காம நான் வெட்ட மாட்டேன்."

"நாளைக்கு அவ வந்து இதை இப்படிப் பார்த்தா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் சொட்டு. "இன்னைக்கே வெட்டி வெச்சுடுவோம். வண்டியில ஏத்தறதுக்காகக் கழிச்சோம்னு சொல்லிக்கலாம். பாதி உண்மைதானே?"

பாதி உண்மை. சித்திக்கு அது இனிக்கத்தான் செய்தது. அழகாகக் கழித்துவிட்டால் மஞ்சள் இலையும் போய்விடும், நாற்றமும் போய்விடும். மகள் கொண்டுபோய் வைத்து, அங்கே பட்டுப்போனால், அந்த ஊர் மண் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆகும். எவ்வளவு சுலபம்! அன்று சாயங்காலம் முழுக்க அவள் அந்தக் கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மகளுக்கு டூட்டி முடியவில்லைபோலும், போனும் திரும்பி வரவில்லை. ஈரச் சாக்கை வேர்மேல் போர்த்திவிட்டு, போய்ப் படுத்துப் புரண்டுகொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை கீழே வண்டிச் சத்தம் கேட்டதும் சித்தி ஒற்றைச் செருப்போடு படியிறங்கி ஓடினாள். மகள் ஏறிவந்துகொண்டிருந்தாள், தோளில் கயிற்றுச் சுருளோடு. இரண்டாவது மாடித் திருப்பத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"என்ன சித்தி, இப்படி ஓடி வர்றீங்க? அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அப்பா நல்லா இருக்கார்" என்றாள் சித்தி. "மரம் நல்லா இல்லைம்மா. ரொம்ப நாளாவே நல்லா இல்லை. நான் உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

 மகள் கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். இவள் மூச்சிரைக்க மேலே வந்து சேர்வதற்குள் அவள் பால்கனியில் மண்டியிட்டு, சாக்கை விலக்கியிருந்தாள். விபத்து நடந்த இடத்தில் கேட்பதுபோலவே கேட்டாள்.

"எப்போ ஆரம்பிச்சுது? என்ன கொடுத்தீங்க? யார் கொடுத்தீங்க?"

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். காய் கழுவிய தண்ணீர். டம்ளர் கழுவிய தண்ணீர். வாளித் தண்ணீர். மூடியைப் பற்றிச் சொட்டு சொல்லும்போது அவருடைய குரல் உள்ளே போய்விட்டது. மகள் வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும்தான்" என்றாள் மெதுவாக.

"நீயா?"

"ஒவ்வொரு தடவை வர்றப்பவும் என் பாட்டில்ல இருக்கிற தண்ணி முழுசையும் ஊத்திட்டுத்தான் போவேன். உங்களுக்கு அம்மா மரத்துமேல அவ்வளவு அக்கறை இருக்காதுன்னு நினைச்சேன்." சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்தாள். இப்போது முகம் சிவந்திருந்தது. "ஆனா நான் கேட்டேனே சித்தி! ஒவ்வொரு தடவையும் கேட்டேனே! முதல் நாளே சொல்லியிருந்தா இது இப்படி ஆகியிருக்குமா? நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு... எதுக்கு?"

"நீ முதல்ல அதைத்தானேம்மா கேக்குறே" என்றாள் சித்தி. குரல் உடையவில்லை, படபடவென்று வந்தது. "அது நல்லா இல்லைன்னா அப்புறம் எதைச் சாக்கா வெச்சு என்கிட்டப் பேசுவே? எனக்கு வேற என்ன இருக்கு சொல்றதுக்கு? ஜெராக்ஸ் கடையில இன்னைக்கு மெஷின் மாட்டிக்கிச்சுன்னா சொல்ல முடியும்?"

 மகள் எழுந்து சமையலறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். சொட்டு, தண்ணீர் வீணாகிறது என்று சொல்ல வாயெடுத்து, அக்காவின் முழங்கையால் ஓர் இடி வாங்கி நிறுத்திக்கொண்டார்.

அவள் திரும்பி வந்தபோது அத்தைதான் பேச்சை ஆரம்பித்தாள். "ஒண்ணு சொல்லட்டுமா? உங்கம்மா இதுக்குத் தண்ணியே ஊத்தமாட்டா."

"அத்தை, சும்மா இருங்க."

"சத்தியமா! மறந்துடுவா. இலையெல்லாம் காக்கா சிறகு மாதிரி தொங்கும். அப்புறம் 'ஐயையோ'ன்னு தலையில அடிச்சுக்கிட்டு ஒரு சொம்பு. அதோட மறுபடி மறந்துடுவா. சோம்பேறி. சமையல்ல உப்புப் போட்டோமான்னுகூட மறந்துபோறவ. அவ மறந்ததுலதான் இது வளர்ந்துச்சு. நாம ஞாபகம் வெச்சு ஞாபகம் வெச்சு இப்படிப் பண்ணிட்டோம்."

மகள் அத்தையை ஏதோ முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள். அம்மா தினமும் மரத்தடியில் சொம்போடு நிற்பதாக அவள் மனசில் ஒரு படம் இருந்திருக்க வேண்டும். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். "சோம்பேறியா?" என்றாள். உதடு கோணிக்கொண்டு வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "சாப்பாட்டுல உப்பு இருக்காது. அது எனக்கும் ஞாபகம் இருக்கு."

பிறகு அவள் தண்டைத் தூக்கிப் பிடித்தாள். "வெட்டுங்க சித்தி."

"நானா?"

"நான் பிடிச்சிருக்கேன்ல. கறுத்ததை விடாதீங்க. பாவம் பார்த்தா போயிடும்."

சித்தி வெட்டினாள். முதல் வெட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள், அதற்கு அதட்டல் கிடைத்தது. பிறகு கண்ணைத் திறந்துகொண்டே வெட்டினாள். மேல் கிளைகளையும் கழித்தார்கள். நெஞ்சுயர மரம் முழங்கால் உயரத்துக்கு வந்து, உச்சியில் ஏழெட்டு இலையோடு, மொட்டையடித்த பிள்ளை மாதிரி நின்றது. புது மண்ணைப் போட்டு ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியில் வைத்தார்கள். வாளியின் அடியில் சொட்டுவே துளை போட்டார். போடுவதற்கு முன்னால் கருவியை இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவை கீழே வைத்தார். வாழ்நாளில் அந்த மனிதருக்கு ஓட்டையை அடைத்துத்தான் பழக்கம்.

"இங்கேயே இருக்கட்டும். இந்த நிலையில ஆட்டாதே" என்றார்.

"இங்கேயா?" மகள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "நீங்க மூணு பேரும் நாளைக்கே ஆளுக்கொரு சொம்போட வந்து நிப்பீங்க. நான் கொண்டுபோறேன்."

"நீ டூட்டிக்குப் போயிட்டா?" என்றாள் அத்தை. "வெயில் வந்தா நிழலுக்கு நகர்த்தணும், காத்தடிச்சா உள்ளே வைக்கணும். கைக்குழந்தைக்குக்கூட இவ்வளவு வேலை கிடையாது. யாரு பார்ப்பா?"

மகள் யோசித்தாள். வாளியின் காதை இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள், விட்டாள்.

"சித்தி வரட்டும்" என்றாள், யாரையும் பார்க்காமல். "கொஞ்ச நாளைக்கு. கடையில லீவு கொடுப்பாங்களா?"

சித்திக்கு அது தன்னைப் பற்றிய பேச்சு என்று விளங்கவே நேரமாயிற்று. "கொடுப்பாங்க" என்றாள். "இந்த வாரம் நான் இல்லாம இருந்தா அவங்களுக்கே நிம்மதி."

"போய்ட்டு வா" என்றார் சொட்டு. "நான் அக்காவைப் பார்த்துக்கறேன்."

"யாரு யாரைப் பார்த்துக்கறது?" என்று கேட்டாள் அத்தை.

லோடு வண்டியில் முன்னால் இரண்டே இருக்கை. வாளியைப் பின்னால் வைக்க சித்தி சம்மதிக்கவில்லை. கால்களுக்கிடையில் இறுக்கி வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். மகள் ஓட்டினாள். வேகத்தடை வந்தால் வண்டி படகுபோல ஏறி இறங்கியது. அடிபட்டவர்களைக் கொண்டுபோய்ப் பழகிய கை. அப்படியும் ஒரு குலுக்கலில் ஓர் இலை உதிர்ந்து சித்தியின் மடியில் விழுந்தது.  எடுத்து ஒளித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் விரல் துறுதுறுத்தது.

"ஒண்ணு விழுந்துடுச்சு" என்றாள்.

"விழும். இன்னும் விழும். பார்த்துக்கலாம்."

ஊர் பின்னால் போனது. சித்திக்கு நிலைகொள்ளவில்லை. மாற்றுப் புடவை எடுத்து வந்தோமா, அடுப்பை அணைத்தோமா, அந்த வீட்டில் எங்கே படுப்பது, மரம் பட்டுப்போய்விட்டால் மறுநாளே திரும்பிவிட வேண்டுமா, பிழைத்துவிட்டால் அப்போதும் திரும்பிவிட வேண்டுமா என்று ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தது.

"காலையில நான் சீக்கிரம் கிளம்பிடுவேன்" என்றாள் மகள், சாலையைப் பார்த்தபடி. "அதுக்கு முன்னாடி ஏதாவது செஞ்சு வெச்சுட்டுப் போறேன். என்ன சாப்பிடுவீங்க?"

"எதுவானாலும் சரிம்மா. என்ன மிச்சம் இருக்கோ அது."

"மிச்சத்தைக் கேக்கலை. உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

சித்தி பதில் சொல்லத் தொடங்கி, நிறுத்தினாள். அண்ணிக்கு என்ன பிடிக்கும் என்றால் உடனே சொல்லிவிடுவாள். அவருக்கு, இந்தப் பெண்ணுக்கு, கடை முதலாளிக்குக்கூடச் சொல்வாள். தனக்கு? ஏதோ ஒன்று பிடித்துத்தான் இருந்தது, சின்ன வயதில், என்னவோ ஒன்று. வாளியை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லுங்க. இன்னும் தூரம் இருக்கு."